கூரை வேர்வை

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று எமது முதியவர்கள் சொல்வார்கள். தகரத்தின் கீழோ தறப்பாளின் கீழோ ஒரு பனிக்காலத்தையாவது கழித்த சகோதரிகளுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வானத்தில் மேகம் இல்லை, மழை ஒரு துளியும் இல்லை. ஆனாலும் விடியப்புறம் மூன்று, நான்கு மணியளவில் நெற்றியில் ஒரு சொட்டு விழும். துடைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் கழுத்தில் இன்னொன்று விழும். விடிந்து எழும்பிப் பார்த்தால் போர்வை பிசுபிசுவென்று இருக்கும். பாயின் ஓரம் நனைந்திருக்கும். பிள்ளையின் பாடசாலைப் பையும் ஈரமாக இருக்கும். பனி கூரையைத் துளைத்து உள்ளே வந்துவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம்.

2009ஆம் ஆண்டு சித்திரையில் நானும் எனது குடும்பமும் செட்டிகுளத்து முகாமுக்கு வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. அந்த வருடத்து மார்கழியும் அதற்கடுத்த தையும் தறப்பாளின் கீழேதான் கழிந்தன. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, இப்போது வன்னிக் கிராமங்களில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். முகாமிலும், மீள்குடியேறிய கிராமங்களின் கொட்டில்களிலும், வீடு முழுமையடையாமல் இன்றைக்கும் தகரத்தின் கீழ் இருக்கும் குடும்பங்களிலும் பனிக்காலத்தில் நான் கேட்கும் சொல் ஒன்றுதான்: "கூரை ஒழுகுது, பிள்ளை."

முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஓர் அம்மா இப்படி மூன்று தடவை முறைப்பாடு கொடுத்தார். ஒழுக்கு என்று எழுதினால் இன்னொரு தறப்பாள் கிடைக்கும். அவருக்கும் கிடைத்தது. பழைய தறப்பாளின் மேலேயே அதை இழுத்துக் கட்டி, முகட்டில் இருந்த இடைவெளியையும், பக்கங்களில் காற்று வந்த ஓட்டைகளையும் சேர்த்து மூடினோம். நானும்தான் கயிறு பிடித்தேன். அன்றிரவு முன்னரைவிட அதிகமாகச் சொட்டியது. அம்மா விடியவே எழும்பி, "இரண்டு தறப்பாளையும் துளைச்சுக்கொண்டு பனி வருது, இனி என்னத்தைப் போடுறது" என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். உண்மையில் அவருடைய தறப்பாளில் ஓட்டை ஒன்றுமே இருக்கவில்லை. அந்த நீர் வெளியிலிருந்து வரவும் இல்லை.

சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்க்கும்போது அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் நிற்பதைத் தினமும் காண்கிறோம். மூடி ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. பானைக்குள் இருந்த ஆவி, மூடியில் பட்டுக் குளிர்ந்து நீராகிறது. பனிக்கால இரவில் எமது கொட்டிலும் அப்படியொரு பானைதான். காற்று எப்போதும் நீராவியைச் சுமந்துகொண்டிருக்கும். சூடான காற்று அதிகம் சுமக்கும், குளிர்ந்த காற்று குறைவாகச் சுமக்கும். ஒரு கன மீற்றர் காற்று 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம் அளவில்தான் தாங்கும். தாங்க முடியாத மிச்சம் தண்ணீராக இறங்க வேண்டும். எங்கே குளிர் கூடவோ அங்கே இறங்கும். இரவில் கொட்டிலுக்குள் மிகக் குளிர்ந்த இடம் தகரமும் தறப்பாளும்தான்.

மேகமில்லாத இரவில் இது இன்னும் மோசமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மேகம் மூடியிருந்தால் அது ஒரு போர்வை மாதிரி. வானம் வெளித்திருந்தால் தகரம் தன்னிடமுள்ள சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகும். அதனால்தான் மழை இரவில் சொட்டாத கூரை நட்சத்திர இரவில் சொட்டுகிறது. மரத்தின் கீழ் உள்ள கொட்டிலும் வெட்டவெளியில் உள்ள கொட்டிலும் ஒரே தகரம்தான் போட்டிருந்தாலும், மரத்தின் கீழே சொட்டு குறைவு. மீள்குடியேற்றத்தின்போது காணி துப்புரவாக்குகிறோம் என்று ஒரு வேம்பைக்கூட விடாமல் வெட்டிய காணிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் இருப்பவர்களுக்குப் பகலில் வெக்கை, இரவில் சொட்டு.

அந்த ஆவி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி எங்களிடமிருந்துதான். தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 40 கிராம் நீர் ஆவியாகிறது. ஐந்து பேர் எட்டு மணித்தியாலம் தூங்கினால் அது ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலுக்கும் கூட. இதைக் கூட்டங்களில் சொல்லும்போது பெண்கள் சிரிப்பார்கள். சோடாப் போத்தல் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு சிரிப்பு நின்றுவிடும். இதோடு ஈர மண் நிலமும் ஆவி விடும். உள்ளே கயிற்றில் காயப்போட்ட உடுப்பும் விடும். மண்ணெண்ணெய் விளக்கும் விடும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஒரு லீற்றருக்கும் சற்றுக் கூடுதலான நீர் ஆவியாக வெளியே வருகிறது. எரிகிற நெருப்பிலிருந்து தண்ணீர் வரும் என்பதை நம்புவது கடினம்தான். ஆனாலும் அது உண்மை.

ஒழுக்கா வேர்வையா என்று பிரித்தறிவது பெரிய வேலையில்லை. ஒழுக்கு ஒரே இடத்தில், மழையோடு வரும். வேர்வை மழையில்லாத இரவில் கூரை முழுவதும் பூத்து, பின்னர் மரச்சட்டமோ மடிப்போ உள்ள இடத்தில் சேர்ந்து சொட்டும். விடியப்புறம் ரோச் அடித்துப் பாருங்கள். கூரை முழுவதும் கண்ணாடித்தூள் மாதிரி மின்னினால் அது வேர்வை. அதற்குத் தறப்பாள் கேட்டு அலைய வேண்டியதில்லை.

இந்த வேர்வைக்கு மருந்து காற்று. ஆவி வெளியேற வழி இருந்தால் அது தகரத்தில் நிற்காது. இதைச் சொல்லும் துண்டுப்பிரசுரங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. "இரவில் கதவு யன்னல்களைத் திறந்து வையுங்கள்" என்று அவற்றில் அச்சடித்திருக்கும். அதை எழுதியவர்கள் கதவில்லாத கொட்டிலில் இரண்டு குமர்ப்பிள்ளைகளுடன் தனியாகப் படுத்தவர்களாக இருக்க முடியாது.

நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் ஒரு சகோதரி இருக்கிறார். கணவர் 2009இல் இருந்து காணாமற் போனவர். கொட்டிலின் ஒவ்வொரு ஓட்டையையும் பழைய சேலைத் துண்டுகளால் அடைத்து வைத்திருந்தார். தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்த விரல் அகல இடைவெளியைக்கூட விடவில்லை. உள்ளே போனால் பூஞ்சண மணம். பன்னிரண்டு வயது மகளுக்கு இழுப்பு. ஈரமும் பூஞ்சணமும் இழுப்பைக் கூட்டும், காற்று வர விடுங்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர் பல தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை என்பதுதான் என்னிடம் வந்த முறைப்பாடு. "சொல்வழி கேளாதவர்" என்று அவரைப் பற்றி ஒரு குறிப்பும் இருந்தது.

நான் போய் இருந்து கதைத்தபோது முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை தேத்தண்ணி தந்துகொண்டே சொன்னார்: "அக்கா, இந்தப் பக்கத்தாலதான் றோட்டு. இரவில ஆக்கள் போவினம், வருவினம். ஒருநாள் ஆரோ ரோச் அடிச்சு உள்ளுக்குப் பார்த்தவை. அண்டையில இருந்து அடைச்சுப்போட்டன். நனைஞ்சாலும் பரவாயில்லை."

நனைந்தாலும் பரவாயில்லை என்பது அறியாமையா? அவர் இரண்டு ஆபத்துகளையும் தராசில் போட்டுப் பார்த்து, ஈரத்தைத் தெரிவு செய்திருக்கிறார். ஆண்துணை இல்லாத வீடு என்று ஊர் முழுவதும் அறிந்திருக்கும்போது ஓர் ஓட்டை வெறும் ஓட்டையாக இருப்பதில்லை. சமூகவியல் வகுப்பில் வீட்டு அமைப்பைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் வேறு வேறு பாடங்களாகப் படித்தோம். இரண்டும் ஒரே பாடம் என்பதை இப்படிப்பட்ட கொட்டில்களில்தான் கண்டுகொண்டேன். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் காற்றோட்டம் பற்றிக் கதைப்பதாக இருந்தால், அந்தப் பெண் ஏன் மூடினாள் என்பதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

வழி சொன்னவர் அவருடைய மாமியார். "கண்ணும் கையும் எட்டாத இடத்தில வெட்டுங்கோ" என்றார். சூடான, ஈரமான காற்று மேலே ஏறுவதால் அது வெளியேறும் வழியும் மேலே இருப்பதுதான் சரி. முகட்டுக்குக் கீழே, முன் முக்கோணத்திலும் பின் முக்கோணத்திலும் ஒரு சாண் அகலத்துக்குத் தகரத்தை வெட்டி, உள்ளே கம்பி வலை அடித்தோம். மழைச் சாரல் உள்ளே வராமல் வெளியே சிறு கிடுகுத் தாழ்வாரம் ஒன்று இறக்கினோம். ஏணி வைத்தால்தான் எட்டும் உயரம். வெளியேறும் காற்றுக்குப் பதிலாக உள்ளே காற்று வர வேண்டும். அதற்கு றோட்டுக்கு எதிர்ப்பக்கச் சுவரின் அடியில், நாலு விரல் உயரத்துக்கு ஒரு நீளத் திறப்பு வைத்தோம். பாம்பு வராமல் அதற்கும் வலை. வெறும் பால்மா ரின்கள் மூன்றைக் கயிற்றில் கோர்த்து வெளியே மாட்டினார் மாமியார். யாராவது அந்தப் பக்கம் கை வைத்தால் ரின் கிலுங்கும். பூனை கிலுக்கியே முதல் கிழமை இரண்டு இரவு நித்திரை போனது என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

சொட்டு முற்றாக நிற்கவில்லை. மேகமில்லாத, காற்று அசையாத இரவுகளில் இன்னும் கொஞ்சம் வேர்க்கிறது. ஆனால் போர்வை நனைவதில்லை. மகளுக்கு மருந்தும் தொடர்கிறது, அதை நிறுத்தக் கூடாது.

மிச்ச வேர்வைக்கு இரண்டாவது கூரை உதவும். தகரத்தின் மேலே கிடுகு பரவிக் கட்டினால் தகரம் வானத்தைப் பார்த்துக் குளிர்வது குறையும். பகல் வெக்கையும் குறையும். கிடுகு இப்போது விலை, கிடைப்பதும் அரிது என்பது எனக்குத் தெரியும். அது முடியாதவர்கள் பழைய சேலைகளை மூட்டி, தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, கூரையின் சாய்வுக்கே சாய்த்துக் கட்டலாம். தகரத்தில் பூக்கும் நீர் சேலையில் விழுந்து ஊறி, ஓரத்துக்கு வடியும், பகலில் காய்ந்துவிடும். சேலை தகரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் தொட்ட இடத்தால் நீர் இறங்கும். கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். சேலைக்குக் கீழே குப்பி விளக்கு வைக்க வேண்டாம். குப்பி விளக்கால் கருகிய பிள்ளைகளை நாம் போதுமான அளவுக்குப் பார்த்துவிட்டோம்.

இனிப் படுக்கை. பொலித்தீனைப் பாயின் கீழே விரிக்கலாம். நிலத்து ஈரத்தை அது தடுக்கும். போர்வைக்கு மேலே மூடுவதுதான் கூடாது. சொட்டு விழுகிறது என்று பிள்ளைகளுக்கு மேலே பொலித்தீன் மூடும் தாய்மார் பலர் இருக்கிறார்கள். உடம்பின் ஆவி அதைத் தாண்டிப் போக முடியாமல் போர்வைக்குள்ளேயே நீராகும். சொட்டு விழாமலே பிள்ளை நனையும். பொலித்தீன் முகத்தில் படிந்தால் மூச்சும் முட்டும். தலையோடு இழுத்து மூடிப் படுப்பதும் இப்படித்தான். மூச்சுக்காற்று முழுவதும் போர்வையில் இறங்கி, விடியும்போது கழுத்தருகே ஈரமாகி, அந்த ஈரமே குளிரத் தொடங்கும். பருத்திப் போர்வை ஒரு தடவை ஈரமானால் சூடு தராது. தலைக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, மூக்கும் வாயும் வெளியே இருக்கப் படுப்பது நல்லது.

குழந்தைகளின் ஏணையைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஈர நிலத்தில் கிடத்துவதைவிட ஏணை நல்லது என்று நினைத்துக் கட்டுகிறோம். ஆனாலும் பனிக்காலத்தில் ஏணைப் பிள்ளையின் முதுகு சில்லிட்டுப் போகிறது. எவ்வளவு போர்த்தினாலும் அப்படித்தான். போர்ப்பது மேலே, குளிர்வது கீழே. பிள்ளையின் பாரத்தில் முதுகுக்குக் கீழே உள்ள துணி நசிந்து மெல்லியதாகிவிடுகிறது. துணிக்குள் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைப்பது. நசிந்த துணியில் அந்தக் காற்று இல்லை. கீழே திறந்த வெளியில் குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்காக ஏணைக்குள் மேலும் துணி அடுக்குவதில் அவ்வளவு பயனில்லை, அதுவும் நசிந்துவிடும். அதே கயிற்றில், ஏணைக்கு வெளியே, கீழ்ப்புறமாக இன்னொரு தடித்த சேலையைத் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் சிறிது காற்று நிற்க வேண்டும். அந்தக் காற்றுத்தான் குழந்தையின் மெத்தை. கீழே பொலித்தீன் கட்டுவது வேண்டாம், அது வேர்த்துத் துணியை நனைக்கும். குழந்தையின் முகத்தருகே தளர்ந்த துணி எதுவும் இருக்கக் கூடாது. நள்ளிரவுக்குப் பின் குளிர் கூடினால் தாயின் பக்கத்தில், காய்ந்த பாயில், மல்லாத்திக் கிடத்துவதே எனக்குப் பிடித்த வழி.

குளிர் நாடுகளில் சிலர் பொழுதுபோக்காகவே காட்டுக்குப் போய், இரண்டு மரங்களுக்கிடையே ஏணை மாதிரித் துணித்தொட்டில் கட்டி, பனிக்காலத்திலும் அதில் தூங்குகிறார்களாம். இதை எனக்குச் சொன்னவர் நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொண்டர் ஒருத்தி. அவர்களும் தொட்டிலின் கீழே வெளிப்புறமாகத்தான் போர்வை தொங்கவிடுகிறார்கள். அவர்களும் மூச்சைப் போர்வைக்குள் விடுவதில்லை. மேலே கட்டும் தறப்பாளை உயர்த்தி, இரண்டு முனைகளையும் திறந்து விடுகிறார்கள். வேண்டுமென்றே போய் நனைகிறவர்களும் இருக்கிறார்களா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஆனாலும் அவர்கள் கண்டுபிடித்ததும் எங்கள் மாமியார் சொன்னதும் ஒன்றாக இருந்தது மகிழ்ச்சிதான்.

அந்தத் தொண்டரை நான் சந்தித்தது மலையகத்தில். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவில் லயங்களோடு மக்கள் புதைந்தார்கள். எஞ்சியவர்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் இருந்து, சிலர் கூடாரங்களுக்கு மாறினார்கள். 2026 தையில் எங்கள் குழு சில நாட்கள் அங்கே போனது. எங்களில் இருவர் மலையகத்தில் வேர் உள்ளவர்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வன்னியில் தை விடியல் பெரும்பாலும் 20 பாகைக்குச் சற்று மேலோ கீழோ நிற்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தை, மாசி விடியல்களில் 10 பாகைக்கும் கீழே இறங்கும், சில நாட்களில் புல்லில் உறைபனி படியும். 10 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 9 கிராம் அளவு ஆவியைத்தான் தாங்கும். மிச்சமெல்லாம் கூடாரத் துணியில். காலையில் கூடாரத்தைத் தட்டினால் உள்ளே மழை பெய்தது.

அங்கே என்னை உண்மையில் பயமுறுத்தியது சொட்டு இல்லை. ஒரு பாட்டி கூடாரத்தை இறுக மூடிவிட்டு உள்ளே கரிச்சட்டி வைத்திருந்தார். "குளிருதுங்க மிஸ், புள்ளைக நடுங்குதுக. புகையே இல்லீங்க, வெறுந் தணல்தான்" என்றார். புகை இல்லாத தணலில்தான் கொல்லும் வாயு இருக்கிறது. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, மயக்கம், பிறகு எழும்பாத நித்திரை. மூடிய கூடாரத்திலோ கொட்டிலிலோ தணலோடு யாரும் படுக்கக் கூடாது. பாட்டிக்கு நாங்கள் தணலுக்குப் பதிலாகச் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பிள்ளைகளின் காலடியில் வைக்கச் சொன்னோம். வெளிக்கூரைத் துணியும் உள்துணியும் ஒட்டாமல் கயிறுகளை இழுத்துக் கட்டி, மேலே உள்ள சிறு யன்னல்களைத் திறந்து விட்டோம். திறந்தால் குளிர் வருமே என்ற கேள்வி நியாயமானது. கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனால் ஈரப் போர்வையின் குளிரைவிட அந்தக் குளிர் குறைவு. மூன்றாம் நாள் பாட்டி அதை ஒப்புக்கொண்டார், கரிச்சட்டியை மட்டும் வாசலில் வைத்துக்கொண்டார்.

கூட்டங்களில் ஆண்கள் போன பிறகு மட்டும் பெண்கள் கேட்கும் விடயம் ஒன்று உண்டு. மாதவிடாய்த் துணி. அதை வெளியே காயவிட வெட்கப்பட்டு, கொட்டிலுக்குள் வேறு உடுப்பின் கீழே மறைத்துப் போடுகிறோம். பனிக்காலத்தில் அது ஒருபோதும் காய்வதில்லை. அரை ஈரத்தில் மடித்து வைத்து, அரை ஈரத்திலேயே பாவிக்கும்போது அரிப்பும் புண்ணும் வருகின்றன. வெயில் படாத துணி காய்ந்த துணி இல்லை. ஒரு கிராமத்தில் ஐந்து குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து, கிணற்றடிக்குப் பின்னால் மூன்று பக்கம் கிடுகு மறைத்து, மேலே திறந்த ஒரு காயவிடும் இடம் செய்தார்கள். உள்ளே கயிறு நான்கு. வெயிலும் படும், யாருடைய கண்ணும் படாது. செலவென்று பார்த்தால் கயிற்றுக்கு மட்டும்தான்.

கடைசியாக, நாம் பொலித்தீன் பைகளில் கட்டிவைத்திருக்கும் கடதாசிகள். காணாமற் போனவர்களின் படம், முறைப்பாட்டுத் துண்டுகள், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் வீதியோரக் கொட்டகையில் இந்தப் படங்களோடுதான் இருந்தார்கள். ஷெல்லடியில் தப்பிய படங்கள் சில பைகளுக்குள் ஈரத்தில் அழிகின்றன. பை நனையவில்லை, பிறகு எப்படி என்று கேட்பார்கள். விடியற்காலையில், கடதாசி ஈரம் குடித்திருக்கும் நேரத்தில் பையைக் கட்டினால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். இரவில் பை குளிரும்போது அது உள்ளேயே நீராகும். ஆகவே மழையில்லாத நாளில் நண்பகல் வேளையில் கடதாசிகளை நிழலில் பரப்பி, நன்றாகக் காய்ந்த பிறகு அப்போதே கட்டுங்கள். வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் மிச்ச ஈரத்தை அது கொஞ்சம் இழுக்கும். மாதம் ஒரு தடவை அரிசியை மாற்ற வேண்டும். பையை ரின் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை நிலத்திலோ தகரச் சுவரோடு ஒட்டியோ வைக்காமல், பலகை மேல் வையுங்கள்.

ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். ஸ்ரூடியோவில் கழுவி எடுத்த பழைய படங்களாக இருந்தால், சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தாமாகவே விடுபடும். பிறகு முகம் மேலே இருக்க நிழலில் காயவிடலாம். கணினியில் அச்சடித்த படங்களைத் தண்ணீரில் போடக் கூடாது, மை கரைந்துவிடும். சென்ற மாதம் ஓர் அம்மாவுடன் இருந்து நான்கு படங்களை இப்படிப் பிரித்தோம். ஒரு தட்டுத் தண்ணீரைச் சுற்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்திருப்போம். மகன் பாடசாலைச் சீருடையில் நிற்கும் படத்தில் ஒரு மூலை போய்விட்டது. முகம் அப்படியே இருக்கிறது. அதைப் பிரதி எடுக்க அடுத்த கிழமை நாங்கள் இருவரும் கிளிநொச்சிக்குப் போகிறோம்.